நட்பின் உரைகல்

பழைய மாணவர் சங்கங்கள் விழா எடுக்கும் காலங்களில் நட்பைப் பற்றிப் பேசாது விடுவதில்லை. வகுப்பில் அருகிருந்தோர், விடுதியில் ஒரே பந்தியில் உண்டோர், விளையாட்டுத் திடலில் ஒன்றாய் ஓடியோர் ஆகியோரின் நினைவுகளே விழா மலர்களின் பக்கங்களை நிரப்புகின்றன. இஃது இயல்பே. திருவள்ளுவர் நட்பு முதலாகக் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கு ஒதுக்கியுள்ளார். அவற்றுள் ஒன்றுக்குப் பழைமை என்றே பெயர். நெடுநாட் பழகியோரிடையே நிலவும் உரிமையைப் பேசும் அதிகாரம் அது. பழைய மாணவர் எனப் பெயர் பூண்டோர்க்கு அதனினும் பொருத்தமான பாடம் பிறிதில்லை.

ஆயினும், பழக்கத்தையே நட்பெனக் கொண்டு மனநிறைவடைதல் எளிது. ஒரே ஊரார், ஒரே சமயத்தார், ஒரே மொழியினர் ஒருவரையொருவர் நேசித்தற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. பொன்னின் மாற்றை அறிய உரைகல் இருப்பது போல, நட்பின் மாற்றை அறியவும் ஓர் உரைகல் உண்டு. அஃது இழப்பு. எம்மை ஒத்தவர் இழந்தபோது நாம் வருந்துவது குருதிப் பற்றின் நீட்சியாகவும் இருத்தல் கூடும். வேற்றுச் சமயத்தார் இழந்தவிடத்து, அவ்விழப்பை எமது இழப்பாக எண்ணி வருந்த இயலுமாயின், அதனையே நட்பெனக் கூறலாம் என்பது எமது துணிபு. இத்துணிபுக்குச் சான்றாக முதிய கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரை இந்துக் கல்லூரி மலரின் பக்கங்களில் நினைவுகூர விழைகின்றோம்.

தாவீது அடிகளார் என்னும் பெயரை இன்றைய மாணவருட் பலர் அறியார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியோடு நெடுங்காலத் தொடர்புடையவர், பன்மொழிப் புலவர், தமிழ்ச் சொற்களின் வேர்களைப் பிறமொழிச் சொற்களோடு ஒப்புநோக்கி ஆராய்வதைத் தம் முதுமையின் பணியாகக் கொண்டவர். 1981 ஆம் ஆண்டு மே மாத முடிவிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாண நகரில் வன்செயல் தலைவிரித்தாடியது. கடைகள் எரிந்தன, ஈழநாடு பத்திரிகைப் பணிமனை எரிந்தது, ஈற்றில் பொது நூல் நிலையத்துக்கும் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. எழுபது வயதைக் கடந்திருந்த அடிகளார் கல்லூரியின் மேன்மாடியில் நின்று அத்தீயைக் கண்டார். அவ்வதிர்ச்சி தாளாது மாரடைப்புற்று உயிர் நீத்தார்.

எரிந்த கட்டடம் அவருடைய திருச்சபைக்கு உரியதன்று. அங்கிருந்த சுவடிகள் அவர் ஓதிய வேதத்தின் சுவடிகளும் அல்ல. சைவ நூல்களும், சித்த மருத்துவ ஏடுகளும், யாழ்ப்பாணத்தின் பழைய அச்சுப் பிரதிகளும் அங்கு இருந்தன. தம் மறைமாவட்டத்தின் கோயிலொன்று எரிந்ததைக் கண்டு குருவானவர் ஒருவர் நெஞ்சு வெடித்திருப்பின் உலகம் அதனை இயல்பென்றே கொண்டிருக்கும். ஒரு நகரத்து மக்கள் அனைவர்க்கும் பொதுவான அறிவுச் செல்வம் எரிந்ததைக் கண்டு அவர் மாண்டார். அவர் உள்ளத்துள் அவ்விரவில் நிகழ்ந்ததை அளந்து கூற எவராலும் இயலாது. ஆயினும், தமதென்று எண்ணாத ஒன்றுக்காக மனிதர் உயிர் விடுவதில்லை என்பதை மட்டும் நாம் அறிவோம்.

அந்நூல் நிலையம் எழுந்த வரலாறும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கே. எம். செல்லப்பா என்னும் பெருந்தகை 1933 ஆம் ஆண்டிலே தமது இல்லத்தில் நூல்களைச் சேர்த்துப் பிறர்க்கு வழங்கத் தொடங்கினார். அந்த விதை வளர்ந்து நகரத்தின் பொதுச் சொத்தாயிற்று. அதற்கு மாடமாளிகை போன்றதொரு கட்டடம் வேண்டுமென்று அயராது உழைத்தவர் அயர்லாந்து நாட்டவரும் பத்திரிசியார் கல்லூரியின் அதிபருமான லோங் அடிகளார். நூலகவியலின் தந்தை எனத்தக்க எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிட மரபில் அமைப்பு வரைந்தார். 1959 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அது திறந்து வைக்கப்பட்டது. முன்றிலிலே கலைமகள் வீற்றிருக்க, அதே வளவில் லோங் அடிகளாரின் சிலையும் நிற்கக் காண்கின்றோம். சைவர் தம் சைவத்தையும் கத்தோலிக்கர் தம் கத்தோலிக்கத்தையும் துறந்துவிட்டு அங்கே கூடவில்லை. தத்தம் சமயத்தில் உறுதியாக நின்றவாறே ஒரு பொதுப்பணிக்குத் தோள் கொடுத்தனர். கட்டடம் மீள எழுப்பப்பட்டு 2003 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்த சுவடிகளோ மீளவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். கிறித்தவப் பாதிரிமாரின் கல்விப் பணிக்கு எதிராகத் தோன்றியவையல்லவோ இந்துக் கல்லூரிகள், அவற்றின் மலரிலே குருவானவரைப் போற்றுதல் முறையோ என அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானது, அதனை மூடி மறைத்தல் தகாது. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், 1888 ஆம் ஆண்டில் சைவபரிபாலன சபை தோன்றியதும், 1890 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருப்பெற்றதும் மதமாற்றத்தைத் தடுக்கும் நோக்கத்தோடு நிகழ்ந்தவையே. எம் சமயத்துப் பிள்ளைகள் எம் சமயச் சூழலிலே கற்றல் வேண்டும் என அப்பெரியோர் போராடியிராவிடின் இன்று விழாக் கொண்டாட எமக்குக் கல்லூரியே இருந்திராது.

ஆனால், அந்நாவலர் பெருமானே பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்றவர், அங்கேயே கற்பித்தவர், பாதிரியார் மேற்கொண்ட தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் தமது புலமை முழுவதையும் நல்கியவர். கிறித்தவ வேதத்தைச் செம்மைப்படுத்திய அதே கையாற் சைவத்தின் பொருட்டுக் கண்டனங்களையும் எழுதினார். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகவில்லை. அவ்வாறே, தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக 1947 ஆம் ஆண்டு முதல் விளங்கிய சபாபதி குலேந்திரன், இறையருள் பற்றிக் கிறித்தவமும் இந்து சமயமும் கூறுவனவற்றை ஒப்பிட்டு 1964 ஆம் ஆண்டில் ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். தம் சமயத்தின் முடிபே உயர்ந்ததென நம்பிய ஒரு பேராயர், பிறர் சமய நூல்களை ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு கற்றார் என்பதே அங்கு நாம் காணும் சிறப்பு. தன் வீட்டின் அத்திவாரத்தில் ஐயமுடையவனே அயல்வீட்டின் உயரத்தைக் கண்டு அஞ்சுவான். சமயவுறுதி நட்புக்குப் பகையன்று, அச்சமே பகை.

இவ்வுண்மைக்கு யாழ்ப்பாணத்தை மட்டும் சான்று காட்டுதல் போதாது. நாம் இதனை எழுதுவது மாம்புரியிலிருந்து. ஒருபுறம் புத்தளக் களப்பும் மறுபுறம் இந்து மாகடலும் நெருக்க, இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டி மணற்றிட்டின் ஓர் ஊர் இது. மணலில் தோண்டிய கிணற்று நீரை நம்பி வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோரும், கடலை நம்பி வலை வீசுவோரும் வாழும் பகுதி. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் பௌத்தரும் இத்திட்டில் அருகருகே வாழ்கின்றனர். தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. வடக்கே தலவிலவிற் புனித அன்னம்மாளின் திருவிழா ஆண்டில் இருமுறை நிகழுங்கால் இரு மொழியினரும் திரளுகின்றனர்.

இத்திட்டின் முனையிலுள்ள கற்பிட்டியிலேதான் 1807 ஆம் ஆண்டிற் சைமன் காசிச்செட்டி பிறந்தார். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவரே. அவர் கிறித்தவர், எனினும் தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாறுகளைத் தொகுத்து 1859 ஆம் ஆண்டிலே தமிழ் புளூராக் என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அப்புலவர்களுட் பெரும்பாலோர் அவருடைய சமயத்தவர் அல்லர். அவர்தம் பெயர்கள் அழிந்துபோதலைத் தமது இழப்பாக அவர் எண்ணியிராவிடின், அரச பணிகளின் நடுவே அத்தகைய உழைப்பை மேற்கொண்டிருப்பாரா? ஒரு கிறித்தவர் காத்த நினைவுகளைக் கொண்டே பின்வந்த சைவப் புலவரும் தம் முன்னோரை ஆராய்ந்தனர்.

அவருக்கும் முன்னர் இக்கரையில் நடந்த கால்கள் யோசேவாஸ் முனிவருடையவை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒறுத்த காலத்தில், 1687 ஆம் ஆண்டிலே கோவாவிலிருந்து மாறுவேடம் பூண்டு இலங்கைக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்தை விட்டகன்ற பின்னர்ப் புத்தளத்திலே தங்கிப் பணி செய்தார். 1692 ஆம் ஆண்டில் கண்டிக்குச் சென்றவரை உளவாளியென ஐயுற்றுச் சிறையிட்டனர். பின்னர் அவருடைய தூய்மையை உணர்ந்த பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் புகலளித்தான். 1697 ஆம் ஆண்டில் கண்டியிற் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சமயம் பாராது அவர்களைப் பேணியவர் அம்முனிவரே. கிறித்தவர்க்கு அடைக்கலம் தந்தவன் பௌத்தன். பௌத்தரின் நோய்ப் படுக்கையருகே இருந்தவர் கிறித்தவர். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 இல் கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது மகிழ்ந்தோர் கத்தோலிக்கர் மட்டுமல்லர்.

பெருமைக்குரியவற்றை இதுகாறும் கூறினோம். உரைகல் எம்மையும் உரைத்துப் பார்த்தற்கே உரியது. 1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் இறுதி நாட்களில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளையும், கடைகளையும், பள்ளிவாசல்களையும், உறவினரின் அடக்கத்தலங்களையும் விட்டுப் புறப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் இந்தப் புத்தள மாவட்டமே. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முதற்கண் அவர்களை ஏற்றன. பின்னர்த் தென்னந்தோப்புகளிடையே கிடுகு வேய்ந்த குடில்கள் எழுந்தன. வாணிகமும் தையலும் அறிந்த கைகள் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் களை பிடுங்கின. ஏற்கெனவே வறியோராயிருந்த இப்பகுதி மக்கள் தம் கிணற்றையும், பாடசாலை வாங்கையும், கூலி வேலையையும் வந்தோருடன் பங்கிட்டனர். நாட்கள் ஆண்டுகளாக நீண்டபோது நெருக்கடியும் மனத்தாங்கலும் எழாமல் இல்லை. ஆயினும் கதவு மூடப்படவில்லை.

1981 ஆம் ஆண்டின் தீயைத் தமிழ் மக்கள் ஆண்டுதோறும் நினைவு கூர்கின்றனர். நினைவு கூர்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட எழுபத்தையாயிரம் மக்கள் ஊரிழந்ததைத் தமிழ்ச் சமுதாயத்திற் பெரும்பகுதி மௌனத்தோடு கடந்து சென்றது. துப்பாக்கியின் முன்னே வாய் திறத்தல் எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அம்மௌனம் முற்றாகக் கலையாதிருத்தற்கு என்ன காரணம் கூறுவது? நூல்கள் எரிந்ததைக் கண்டு உயிர்விட்ட குருவானவரைப் போற்றும் நாம், மனிதர் நடந்து சென்ற வீதியை நோக்காது முகத்தைத் திருப்புதல் பொருந்துமா?

இந்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்க்கு இவ்வினா அயலார் வினாவன்று. 1911 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வைத்தீசுவர வித்தியாலயத்திலும் பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். இலங்கைச் சிவில் சேவையில் முதல் முஸ்லிமாகச் சேர்ந்தவர். கொழும்பு சாகிறாக் கல்லூரியை அதன் உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்ற அதிபர். செனற் சபை உறுப்பினர். தமிழில் அரிய நூல்கள் யாத்தவர். கல்முனையில் அரச பணியில் இருந்த காலத்தில் விபுலாநந்த அடிகளோடு கொண்ட நட்பைப் பெருமையோடு போற்றியவர். அவ்விபுலாநந்தரோ மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலே கத்தோலிக்கத் துறவியரிடம் கற்றவர். சைவக் கலைக்கூடத்தில் ஒரு முஸ்லிமும், கத்தோலிக்கக் கலைக்கூடத்தில் ஓர் இந்துத் துறவியும் உருவாயினர். இது கற்பனையன்று, எம் நாட்டின் கல்வி வரலாறு. அஸீஸ் 1973 ஆம் ஆண்டிற் காலமானார். தாம் பிறந்த வண்ணார்பண்ணையிலிருந்து தம் மக்கள் துரத்தப்பட்டதைக் காண அவர் இருக்கவில்லை. அவருக்குக் கல்வியூட்டிய கல்லூரியின் மைந்தர்கள் இருந்தனர்.

பிறர் இழப்பை எமதாக்கும் பயிற்சி தளரும்போது நாடு எவ்வாறு சிதறும் என்பதை 2019 ஆம் ஆண்டு மீண்டும் காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விருந்தகங்களிலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கிய தீவிரவாதிகள். அடுத்த மாதத்தில் இவ்வடமேல் மாகாணத்தின் ஊர்கள் பலவற்றிலே குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பழிவாங்க வேண்டா எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்கள் வேண்டினர். துயரத்தின் உச்சியில் நின்று அவ்வாறு வேண்டுதற்கு மிகுந்த நம்பிக்கை தேவை. தன் இழப்பைப் பிறர் மீது எறியும் கல்லாக மாற்றாது, பிறர் இழப்பை உணரும் கண்ணாக மாற்றுதலே சமயம் கற்பிக்கும் பாடம் என நாம் கொள்கின்றோம்.

நாடு என்பது மண்ணும் கடலும் கொடியும் மட்டுமன்று. ஒரு வீட்டில் அழுகுரல் எழும்போது எத்தனை வீடுகளில் அடுப்பு அணைகின்றதோ, அத்தனை வீடுகள் சேர்ந்ததே நாடு. மாம்புரியிற் சுழலும் காற்றாலைகளும், அயலிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையமும் ஆக்கும் மின்சாரம் எவர் வீட்டு விளக்கு எனக் கேட்டுச் செல்வதில்லை. மனிதரின் இரக்கமோ வாசலில் நின்று பெயர் கேட்கின்றது, மொழி கேட்கின்றது, வணங்கும் தெய்வம் எதுவெனக் கேட்கின்றது. ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தோரை மட்டும் எண்ணிக் கொண்டிருக்குமாயின், ஒரே தீவில் வாழ்ந்தும் நாம் தனித்தனி இழவு வீடுகளின் அயலவராகவே இருப்போம்.

சொல்லோடு நிற்றல் விழா மலர்களின் வழக்கமான குறை. ஆகையாற் செயற்பாலன மூன்றைப் பழைய மாணவர் சங்கங்களின் முன்னே வைக்கின்றோம். முதலாவது, எமது கல்லூரிகளின் மாணவர் பதிவேடுகளையும் ஆசிரியர் பதிவேடுகளையும் புரட்டி, அவற்றிலுள்ள முஸ்லிம், கிறித்தவப் பெயர்களைத் தேடியெடுத்தல் வேண்டும். புத்தளத்திலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிதறியுள்ள அவர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் அழைப்பு அனுப்புதல் வேண்டும். விழாப் பந்தியில் அவர்களுக்குரிய இலை வெறுமையாய்க் கிடத்தல் ஆகாது. இரண்டாவது, கல்லூரி நூல் நிலையங்களில் தாவீது அடிகளார் பெயரால் ஒரு பகுதி அமைத்தல் வேண்டும். சைவ, வைணவ, பௌத்த, இஸ்லாமிய, கிறித்தவத் தமிழ் நூல்கள் அங்கு ஒருங்கே இருக்கட்டும். காசிச்செட்டியும் அஸீசும் எழுதியவை அவற்றுள் முதலிடம் பெறட்டும். மூன்றாவது, ஜூன் மாதத்தில் நூல் நிலையத்தின் அழிவை மாணவர்க்கு எடுத்துரைப்பது போலவே, அக்டோபர் மாதத்தில் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் எடுத்துரைத்தல் வேண்டும். அதனை அனுபவித்தோரே வந்து கூறுதல் மிகச் சிறப்பாம்.

இவற்றாற் சைவத்துக்கு ஒரு குறையும் வாராது. அன்பே சிவம் என வாயாற் சொல்லும் சமயத்தினர், அவ்வன்பின் எல்லையைத் தம் வீதியோடு முடித்துக்கொள்ளின் அதுவே குறை. பழைமை என்பது பழகிய நாட்களின் எண்ணிக்கை மட்டுமன்று. பழகியவர் ஊரிழந்து போன பின்னும் அவருக்குரிய இடத்தை நெஞ்சில் ஒழித்து வைத்திருத்தலும் பழைமையே. விழாவின் விளக்குகள் ஏற்றப்படும் இவ்வேளையில், இங்கு வராதவர் எவர் என்றும் ஏன் வரவில்லை என்றும் ஒவ்வொரு பழைய மாணவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. அவ்வினாவுக்கு விடையாக ஒரு கடிதமேனும் எழுதப்படுமாயின் இவ்விழா பொருளுடையதாகும்.